கல்லடிக் கிணற்றுநீரும் சலாதுப் பெட்டியும்: விடிந்ததும் ஏறிவிடும் பி.எச்.

மண்ணில்லாப் பயிர்ச்செய்கையில் இறங்கிய மட்டக்களப்பு நண்பர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். மாலையில் அமிலம் விட்டு, பி.எச். எண்ணை (அமிலத்தன்மையின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 6க்கு இறக்கிய பசளைக் கரைசல் விடிவதற்குள் 7ஐத் தாண்டி நிற்கிறதே, மீற்றர் பழுதா, பசளை பழுதா? அநேகமாக இரண்டும் பழுதில்லை. கிணற்றுநீர் தன் இயல்புப்படி நடக்கிறது. 2021 இலிருந்து கல்லடியில் எங்கள் பின்வளவில் சலாது, கங்குன், கறிமிளகாய் வளர்த்து வருகிறேன். இத்தனை காலப் பாவனையில் எனக்கு உறுதியாகிவிட்ட ஒரு விடயம் உண்டு: பி.எச். எண்ணை நாள்தோறும் துரத்துவதைவிட, நீரில் எவ்வளவு இருகாபனேற்று (அமிலத்தை விழுங்கும் கரைந்த பொருள், bicarbonate) இருக்கிறது என்பதை ஒரு முறை அளந்து, அதற்கேற்ப நீரைக் கலந்துகொள்வதே பலன் தருகிறது.

என்னிடம் இருப்பவை இரண்டு அமைப்புகள். ஒன்று, மோட்டார் மூலம் பசளைக் கரைசல் மெல்லிய படலமாக ஓடும் பிவிசி குழாய் வரிசை. மற்றது, மீன் ஏற்றும் ரெஜிபோம் பெட்டிக்குக் கறுப்புப் பொலித்தீன் விரித்து, மூடியில் துளையிட்டுச் செடியை நிறுத்தும் ஓடாநீர் முறை. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி பரவலாக்கியது. பெட்டி ஒவ்வொன்றும் 40 லீற்றர் கொள்ளும். பசளை, நாட்டில் பலரும் பாவிக்கும் அல்பேர்ட் கரைசல் பொடிதான்.

பி.எச். 5.5க்கும் 6.5க்கும் இடையில் இருந்தால் இலைக்கறிகள் நன்றாக வளரும். அளவுகோல் மடக்கை முறையிலானது என்பதால் 6க்கும் 7க்கும் உள்ள வித்தியாசம் பத்து மடங்கு. 7ஐத் தாண்டியதும் முதலில் தெரிவது இரும்புக் குறைபாடு: இளம் இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். பசளை போதவில்லை என்று எண்ணி மேலும் பொடியைக் கொட்டுகிறவர்கள் பலர். இரும்பு பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, வேரால் எடுக்க முடியாத வடிவத்தில் இருக்கிறது என்பதுதான் விடயம். இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்து வைக்கும் சேர்வைகளில், ஈடிடிஏ வகை இரும்பு ஏறத்தாழ 6.5 வரைதான் நிலைத்திருக்கும். டிடிபிஏ வகை 7ஐச் சற்றுத் தாண்டும் வரை தாக்குப்பிடிக்கும். பொதியில் எது என்று எழுதியிருந்தால் வாங்கும்போதே பாருங்கள்.

இனி நீரைப் பற்றி. கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள மணற்பட்டியில் வாழ்கிறோம். இங்கே நல்ல நீர், உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. மணலில் சிப்பித்துண்டுகள் நிறைய. அவற்றினூடாக வடிந்துவரும் நீரில் கல்சியமும் இருகாபனேற்றும் கரைந்துவிடுகின்றன. கேத்திலின் அடியில் வெள்ளைப் படிவு ஒட்டுகிறதே, அது இதன் சாட்சி. இந்த இருகாபனேற்று, விடுகிற அமிலத்தை விழுங்கிக் காபனீரொட்சைட்டாக மாறுகிறது. அந்த வாயு உடனே வெளியேறுவதில்லை. கரைந்தபடி நின்று மீற்றரில் குறைந்த எண்ணைக் காட்டுகிறது. இரவில் அது மெல்ல வெளியேற, எஞ்சிய இருகாபனேற்று எண்ணை மறுபடி மேலே தள்ளுகிறது. மாலையில் பி.எச். 6, காலையில் 7 என்பதன் முழுக் காரணம் இதுதான். அமிலம் விட்ட பின் மீன்தொட்டிக் காற்றுப் பம்பை இரவு முழுவதும் ஓடவிட்டு, காலையில் அளந்து, அதன் பின்னரே இறுதித் திருத்தம் செய்தால் எண் அப்படியே நிற்கும். செடியை நடுவதற்கு முன் இந்த ஓர் இரவைக் கொடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன், இதைத் தவிர்க்காதீர்கள்.

இருகாபனேற்றை அளப்பது கடினமென்று பயப்பட வேண்டாம். அலங்கார மீன் விற்கும் கடைகளில் கே.எச். (காபனேற்றுக் கடினத்தன்மை) சோதனைத் துளிக்குப்பி கிடைக்கும். 5 மில்லிலீற்றர் நீரில் துளி துளியாக விட்டு, நிறம் மாறும் வரை எண்ண வேண்டும். ஒரு துளி ஒரு பாகை. அது லீற்றருக்கு 17.8 மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுக்குச் சமம். எங்கள் கிணறு வறண்ட மாதங்களில் 11 துளி காட்டும். மாரிமழை பெய்து நிலத்தடி நீர் உயர்ந்ததும் இறங்கும். உங்கள் கிணறு வேறு எண்ணைக் காட்டலாம். இரண்டு வளவு தள்ளியிருக்கும் கிணறே என்னுடையதோடு ஒத்துப்போவதில்லை.

11 துளி என்றால் லீற்றருக்கு ஏறத்தாழ 4 மில்லிசமவலு (அமிலத்தையும் காரத்தையும் ஒன்றுக்கொன்று ஈடாக அளக்கும் அலகு). அதில் பெரும்பகுதியைப் பொசுபோரிக் அமிலத்தால் மட்டும் அடக்க முற்பட்டால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் பார்ப்போம். ஒவ்வொரு மில்லிசமவலுவுக்கும் லீற்றருக்கு 31 மில்லிகிராம் பொசுபரசு நீரில் சேரும். 3 மில்லிசமவலுவை அடக்கினால் 93 மில்லிகிராம். இலைக்கறிக்கு 30 முதல் 50 வரை போதும், அதைப் பசளைப் பொடியே கொடுத்துவிடுகிறது. மிதமிஞ்சிய பொசுபரசு கல்சியத்தோடு சேர்ந்து அடியில் வெண்படிவாகும். இரும்பையும் துத்தநாகத்தையும் செடிக்குக் கிடைக்காமல் செய்யும். எண் சரி, செடி சரியில்லை என்று பலர் திகைப்பது இந்த இடத்தில்தான்.

ஆகவே மழைநீர். ஓட்டுக்கூரையின் பீலியிலிருந்து பிளாஸ்ரிக் பீப்பாய்களில் பிடித்து வைக்கிறேன். பருவத்தின் முதல் மழையைப் பிடிப்பதில்லை, தூசியும் காக்கை எச்சமும் அதில் வந்துவிடும். சீமெந்துத் தொட்டியில் சேமித்தால் சுண்ணாம்பு ஊறி, மழைநீரும் கிணற்றுநீரைப் போலாகிவிடும். புதுத் தொட்டியென்றால் சொல்லவே வேண்டாம். அதே சமயம் மழைநீரை மட்டும் தனியாகப் பாவிப்பதையும் நான் விரும்புவதில்லை. அதில் பி.எச். மாறாமல் தாங்கும் சக்தி எதுவும் இல்லாததால் அமிலம் ஒரு சொட்டுக் கூடினாலும் 4க்கு விழும், செடி இரண்டு நாள் குடித்தால் 7க்கு ஏறும். கடிவாளமில்லாத குதிரை அது. இரண்டு பங்கு மழைநீருக்கு ஒரு பங்கு கிணற்றுநீர் கலந்தால் என் கணக்கில் 3 அல்லது 4 துளி வருகிறது. அந்த அளவில் அமிலமும் குறைவு, ஊசலாட்டமும் குறைவு, கல்சியமும் கொஞ்சம் இலவசம்.

அந்தக் கலவையில் பொடியைக் கரைத்த பிறகு, 85 சதவீதப் பொசுபோரிக் அமிலத்தைப் பத்து மடங்கு ஐதாக்கியதிலிருந்து 40 லீற்றர் பெட்டிக்கு ஏறத்தாழ 20 மில்லிலீற்றர் விடுகிறேன். காலையில் இன்னும் ஐந்து தேவைப்படலாம். அவ்வளவுதான் வேலை. ஐதாக்கும்போது நீருக்குள் அமிலத்தை விட வேண்டும், அமிலத்துக்குள் நீரை ஒருபோதும் விடக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பிள்ளைகள் நடமாடும் வீடென்றால் குப்பியைப் பூட்டி வையுங்கள்.

தேசிக்காய்ப் புளி, வினாகிரி விட்டால் போதாதா என்று மாமிமார் கேட்பார்கள். எண் இறங்கத்தான் செய்யும். ஆனால் சித்திரிக் அமிலமும் அசற்றிக் அமிலமும் நுண்ணுயிர்களுக்கு உணவு. சில நாட்களில் அவை அதைத் தின்று தீர்க்க, எண் மறுபடி ஏறும். வேரில் வழுவழுப்பும் படியும். ஒரு நாளைச் சமாளிக்க உதவலாம், ஒரு பருவத்துக்கு உதவாது.

மீற்றரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மஞ்சள் நிறப் பேனா மீற்றர் மலிவு. ஒழுங்காகப் பராமரித்தால் இந்த வேலைக்குப் போதும். நுனியிலுள்ள கண்ணாடிக் குமிழ் காய்ந்தால் எண் அலையத் தொடங்கும். மூடிக்குள் பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசல் சில துளி விட்டு வைக்க வேண்டும். வடித்த நீரில் ஊறவைப்பது குமிழைக் கெடுக்கும். பி.எச். 6.86, 4.00 என்று நிலையாக நிற்கும் இரண்டு தாங்கற் கரைசல்களிலும் இரு வாரத்துக்கு ஒரு முறையாவது சரிபார்க்கிறேன். எப்படிப் பார்த்தாலும் மின்வாய்க்கு ஆயுள் ஓரிரு ஆண்டுதான், மாற்றத்தான் வேண்டும். மீன்தொட்டிக்கு விற்கும் மஞ்சள், பச்சை, நீலம் காட்டும் பி.எச். துளி 6.0க்குக் கீழே எதையும் பிரித்துக் காட்டாது. எண் 4க்கு விழுந்து வேர் கருகிக்கொண்டிருந்தாலும் அது மஞ்சளாகவே நிற்கும். ஆகையால் அதை நம்பி அமிலம் விடாதீர்கள்.

இனி ஏறுவதும் இறங்குவதும் எதைச் சொல்கின்றன என்பது. நலமான சலாது நைத்திரேற்றை உறிஞ்சும்போது காரத்தை வெளிவிடும். எனவே பி.எச். நாளொன்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவது வளர்ச்சியின் அடையாளம், 5.7இல் தொடங்கி 6.4 வரை ஏறவிட்டுப் பிறகு திருத்தினால் போதும். அந்த வீச்சுக்குள் வெவ்வேறு ஊட்டங்கள் வெவ்வேறு கட்டத்தில் எளிதாகக் கிடைப்பதால் இது செடிக்கும் நல்லது. பகலில் ஏறி இரவில் இறங்குகிறது என்றால் பாசி. வெளிச்சம் எங்கே நுழைகிறது என்று தேடி அடையுங்கள். அமோனியம் கலந்த பசளை எதையும் சேர்க்காதபோது எண் திடீரென்று சரிந்தால் அமிலக் குப்பியைத் தேடாமல் மூடியைத் தூக்கி வேரைப் பாருங்கள். பழுப்பேறி நாற்றம் வந்தால் வேரழுகல் தொடங்கிவிட்டது. வறண்டு சுடும் கச்சான் காற்று வீசும் மாதங்களில் இது அடிக்கடி நேரும். 20 பாகை செல்சியஸில் நீர் லீற்றருக்கு 9 மில்லிகிராம் ஒட்சிசனைப் பிடித்து வைத்திருக்கும். 30 பாகையில் ஏழரைதான். வேருக்கோ சூட்டில் மூச்சு அதிகம் தேவை. பெட்டிகளை மாமர நிழலுக்கு நகர்த்தி, மேலே நிழல்வலை கட்டியதற்குப் பிறகுதான் எங்களுக்கு ஓகத்து மாதச் சலாது கிடைக்கத் தொடங்கியது.

வறண்ட காலத்தில் இன்னொன்றும் நடக்கிறது. பெட்டியில் குறையும் நீரைக் கிணற்றுநீரால் நிரப்பும் ஒவ்வொரு தடவையும் புதிதாக இருகாபனேற்றும் உப்பும் வந்து சேரும். செடி நீரைக் குடித்துவிட்டு இவற்றைப் பெட்டியிலேயே விட்டுவிடும். நிரப்புவதற்கு மட்டுமாவது மழைநீரை ஒதுக்கி வையுங்கள். பீப்பாய் தீர்ந்துவிட்டால் உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் குழாய்நீரை ஓர் இரவு திறந்து வைத்து, குளோரீன் போனபின் விடுகிறேன். துளி எண்ணிக்கையில் அது எங்கள் கிணற்றைவிட மென்மையானது. கிணற்றில் மோட்டார் போட்டு நெடுநேரம் இறைத்தால் கீழேயுள்ள உவர்நீர் மேலே வரும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீற்றரால் வெறும் நீரை அளந்து பார்த்தால் அது உடனே தெரியும்.

குழாய் வரிசையா பெட்டியா என்று கேட்டால் இந்த ஊருக்குப் பெட்டியே என்பேன். குழாயில் ஓடுவது கொஞ்ச நீர், அதனால் எண் வேகமாக மாறும், சூடும் வேகமாக ஏறும். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது குழாயிலிருந்த நாற்றுகள் வாடின. பெட்டிச் சலாது அசையவில்லை. இப்போது குழாயில் கங்குன் மட்டும்தான். கறிமிளகாய்க்குத் தும்புத்தூள் நிரப்பிய சாடி நல்லது, தூளை முதலில் நன்றாகக் கழுவி உப்பை நீக்கிவிட வேண்டும். சரளைக்கல் போடுகிறவர்கள் ஒரு கைப்பிடிமேல் வினாகிரி ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் அதில் சிப்பி இருக்கிறது. அந்தக் கல்லில் எந்த அமிலமும் நிற்காது.

புதிதாகத் தொடங்குகிறவரிடம் ஒரு கருவிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், பி.எச். மீற்றருக்கு முன் கே.எச். துளிக்குப்பியை வாங்கச் சொல்வேன். கிணறு, குழாய், மழை மூன்றையும் ஒரே மாலையில் அளந்து, எண்களைப் பீப்பாயிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். மாரி முடிந்ததும் ஒரு தடவை, கச்சான் தொடங்கியதும் ஒரு தடவை மீண்டும் அளந்தால் கலவை விகிதத்தை நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.