ரஷ்ய எனாமல் கரண்டி வாங்கப் போகிறீர்களா? 640 பவுண்டு இழந்துவிட்டு எழுதுகிறேன்

"உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது" என்று நேற்று மாலை மெயில் வந்தது. கை இன்னும் படபடக்கிறது.

பழம்பொருட்களை ஏலத்தில் விற்கும் ஓர் இணையதளம். லண்டனில் இருக்கும் எனக்கு அதில் நான்கு வருடப் பழக்கம். ஆறு டீஸ்பூன்கள்: வெள்ளியில் தங்க முலாம், முதுகுப்பக்கம் முறுக்குக் கம்பி வளைத்து நீல எனாமல் நிரப்பிய மாஸ்கோ வேலை. விலை 640 பவுண்டு.

வெள்ளியின் தரம் சொல்லும் முத்திரையைக் காட்டச் சொன்னேன் விற்றவனிடம். பத்தே நிமிடத்தில் படம் வந்தது. கொக்கோஷ்னிக் என்ற ரஷ்யத் தலையணி அணிந்த பெண் தலை, இடப்பக்கம் பார்க்கிறது, பக்கத்தில் 84. அதாவது ஆயிரத்துக்கு 875 பங்கு வெள்ளி, 1899 முதல் 1908 வரை அடித்த முத்திரை. கூடவே, "ரிகாவில் இருந்த பாட்டி வீட்டுச் சாமான், விற்க மனமே இல்லை" என்று ஒரு வரி. எங்கள் அப்பத்தா வெற்றிலைச் செல்லத்தை விற்றுவிட்டு அழுதது ஞாபகம் வந்துவிட்டது. உடனே பணம் கட்டினேன். அவன் காட்டியது ஒரே ஒரு கரண்டியை என்பது அப்போது உறைக்கவில்லை.

பார்சலைப் பிரித்து லூப் (பூதக்கண்ணாடி) வைத்துப் பார்த்தால், ஆறிலும் அந்தப் பெண்ணின் மூக்குக்குக் கீழே ஒரே பள்ளம், முடியளவும் மாறாமல். கையால் அடித்த முத்திரை ஒன்றில் சாய்ந்திருக்கும், இன்னொன்றில் ஆழமாய் இறங்கியிருக்கும். இது அச்சில் வார்த்தது! படத்தில் வெட்டியிருந்த ஓரத்தில் டெல்டா (Δ) என்ற கிரேக்க எழுத்து வேறு. மாஸ்கோ முத்திரையில் டெல்டா வந்தது 1908-இல். அப்போது தலை வலப்பக்கம் திரும்பிவிட்டது, இடப்பக்கத் தலையோடு டெல்டா சேராது. எனாமலில் ஊசி வைத்தேன், பிளாஸ்டிக் மாதிரி இறங்கியது. சூளையில் சுட்ட எனாமல் கண்ணாடி, ஊசி வழுக்கும்.

"பழைய பொருள் அப்படித்தான் இருக்கும்" என்றான் விற்றவன். அப்புறம் பதிலே இல்லை. தளத்தின் உதவிப் பிரிவில் ஒருவர் படங்கள் கேட்டார். அடுத்தவர் அதே படங்களை மறுபடி கேட்டார். மூன்றாமவர் நிபுணர் கடிதம் வேண்டும் என்றார். 45 பவுண்டு கொடுத்து அதையும் வாங்கி அனுப்பினால், "14 நாள் கெடு முடிந்துவிட்டது" என்கிறார்கள். பார்சல் வந்த மறுநாளே புகார் கொடுத்தவன் நான்! அந்தத் தேதியை நான்கு முறை எழுதிக் காட்டியும் 640 பவுண்டில் ஒரு பென்னிகூட வரவில்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. செட்டாக வாங்கினால் ஒவ்வொரு கரண்டியின் முத்திரைக்கும் தனிப் படம் கேளுங்கள். ஓவ்சின்னிக்கோவ், ருக்கெர்ட் என்று பெரிய பட்டறைப் பெயர் சொல்லி மலிவாகக் கொடுத்தால் தொடாதீர்கள். முத்திரையில் நட்சத்திரமும் 916-உம் இருந்தால் அது 1958-க்குப் பிந்தைய சோவியத் பொருள், ஜார் காலம் என்று சொன்னால் நம்பாதீர்கள். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள்.

நாளை காலை வங்கிக்குப் போகிறேன், அந்த 640 பவுண்டைத் திரும்பப் பெற வழி இருக்கிறதா என்று கேட்க.