‘புது’ ஸ்பேர் டயர் என்று போட்டுத் தந்தால் திருப்பிப் பாருங்கள்

பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. சர்வீசுக்கு விட்ட இடத்தில் "ஸ்பேர் டயர் பழசாயிடுச்சு, புதுசு போட்டுத் தர்றோம்" என்று சொன்னால், பணம் கொடுக்கும் முன் அதை வெளியே எடுத்துத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். எனக்கு இதில் 240 வெள்ளி போனது. திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

நான் இருப்பது சிங்கப்பூர். என்னுடையது 1972ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார். பழங்காலக் கார்களுக்கான கிளாசிக் திட்டத்தில் பதிந்த வண்டி என்பதால் ஆண்டுக்கு 45 நாட்களுக்கு மேல் சாலையில் எடுக்க முடியாது. வாகனப் பரிசோதனைக்கு முன்னால் பிரேக் பார்க்கச் சொல்லி ஒரு பட்டறையில் விட்டேன். நடத்துபவர் நம்ம ஆள்தான், பேச்சில் குறையே இல்லை. "அண்ணே, ஸ்பேருக்குப் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, மாத்திடுவோம்" என்றார். அதில் தப்பில்லை. பழைய டயரின் பக்கவாட்டில் 2214 என்று இருந்தது. 2014ஆம் ஆண்டின் 22ஆம் வாரம் தயாரானது என்று பொருள். ஓடினாலும் ஓடாவிட்டாலும் பத்து ஆண்டுக்கு மேல் ஒரு டயரை வைத்திருக்க வேண்டாம் என்றுதான் டயர் நிறுவனங்களே சொல்கின்றன. சரி, போடுங்கள் என்றேன்.

வண்டியை எடுக்கப் போனபோது முன்பக்க மூடிக்குக் கீழே ஸ்பேர் கன்னங்கரேல் என்று மின்னியது. பாலிஷ் வாசனை மூக்கைத் துளைத்தது. ரசீதில் ‘டயர் 1’ என்று மட்டும். அளவு இல்லை, பிராண்டு இல்லை.

பீட்டிலில் ஒரு விசித்திரமான ஏற்பாடு உண்டு. முன்கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்ச மோட்டார் கிடையாது. ஸ்பேர் டயரிலிருந்து ஒரு குழாய் தண்ணீர்ப் புட்டிக்குப் போகும், அந்தக் காற்றுதான் தண்ணீரைத் தள்ளும். டயரில் அழுத்தம் ஓரளவுக்குக் கீழே இறங்கினால் நடுவில் உள்ள வால்வு அடைத்துக்கொள்ளும், அவசரத்துக்கு ஸ்பேரில் காற்று மிஞ்ச வேண்டுமே. (இதை யோசித்த ஜெர்மன்காரருக்கு ஒரு கும்பிடு.) கொஞ்ச நாளில் என் வண்டியில் தண்ணீர் நின்றுவிட்டது. பட்டறைக்குக் கொண்டுபோனேன். "குழாய் வெடிச்சிருக்குண்ணே" என்று 30 வெள்ளி வாங்கிக்கொண்டு புதுக் குழாய் மாட்டி, ஸ்பேருக்குக் காற்றும் அடித்து அனுப்பினார். இரண்டு வாரத்தில் மறுபடியும் தண்ணீர் இல்லை. இறங்கியது டயரின் காற்று. அது அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தீவு விரைவுச்சாலையில் பின்சக்கரத்தில் ஆணி ஏறியது. கூட வந்த மச்சானுக்கு எப்போதும் ஒரே பாட்டு: "இந்தச் சின்ன ஊர்ல ஸ்பேர் எதுக்கு மாப்ளே? கூப்பிட்டா இழுத்துட்டுப் போக வண்டி வருது." வண்டி வரத்தான் செய்தது. விரைவுச்சாலையில் நின்றுபோனால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி காசு வாங்காமல் இழுத்துப் போகும். ஆனால் வீட்டுக்கு இல்லை, அதற்கென்று ஒதுக்கிய கார் நிறுத்துமிடங்களில் பக்கத்தில் இருப்பதற்கு. அதற்கு மேல் நம் பாடு.

அங்கே வைத்துத்தான் ஸ்பேரை வெளியே எடுத்தோம். கீழே கவிழ்ந்திருந்த பக்கம் முழுக்க நூல்நூலாக வெடிப்பு. வரித்தடங்களின் அடியில் விரல் நகம் நுழையும் அளவுக்குப் பிளவு. மச்சானின் பேட்டரி பம்பை வைத்தோம். ஒரு பக்கம் ஏற ஏற இன்னொரு பக்கம் ஸ்ஸ் என்று இறங்கியது. தேதி இருக்கும் இடத்தைத் துணியால் துடைத்துப் பார்த்தால் 318. மூன்றே இலக்கம். 2000க்கு முன்னால் செய்த டயர்களுக்குத்தான் மூன்று இலக்கம் போடுவார்கள்: 31ஆம் வாரம், 8இல் முடியும் ஏதோ ஓர் ஆண்டு. தாராள மனதோடு 1998 என்றே வைத்துக்கொண்டாலும், ‘பழசு’ என்று கழற்றிப் போட்ட என் டயர் இதைவிடப் பதினாறு வயது இளையது!

தேதி பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். அந்தப் பக்கம் கீழே போகும்படி ரிம்மில் மாட்டிவிட்டால், பாலிஷ் போட்ட மறுபக்கத்தைத்தான் நாம் பார்த்துக்கொண்டிருப்போம்.

போன் போட்டுக் கேட்டால், "ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத டயர்ணே, அப்ப புதுசுதானே?" என்கிறார். ரப்பர் சும்மா கிடந்தாலும் காற்றும் வெப்பமும் பட்டு இறுகும். சொல்லப்போனால் ஓடாத டயர்தான் சீக்கிரம் வெடிக்கும். வெடிப்பைத் தடுக்க ரப்பரில் கலக்கும் மெழுகு, டயர் உருண்டு வளையும்போதுதான் மேலே கசிந்து வரும். திறந்தவெளி நிறுத்துமிடத்தில் மாதக்கணக்கில் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் கிடப்பதை நினைத்துப் பாருங்கள்.

அன்று சொந்தக் காசில் இழுவை வண்டி பிடித்து வீடு வந்தோம். என் டயர் அளவு 165ஆர்15, அதாவது 165 மில்லிமீட்டர் அகலம், 15 அங்குல ரிம். மறுநாள் கூப்பிட்ட டயர் கடைகளில் 15 அங்குல டயர் குவிந்து கிடக்கிறது, எல்லாம் இந்தக் காலத்து அகல டயர்கள். ஆர்டர் கொடுத்து வரவழைக்க வேண்டும் என்றார்கள். அது வரும்வரை வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. பழைய காரில் ஸ்பேர் அவசியம் என்று நான் அடித்துச் சொல்வது தூரத்துக்காக இல்லை, இந்த அளவுக்காக. ஸ்பேருக்குப் பதில் என்று மற்றவர்கள் சொல்லும், ஓட்டையை உள்ளிருந்து அடைக்கும் பஞ்சர் திரவம், டியூப் போட்ட சக்கரத்துக்கும் பக்கவாட்டுக் கிழிசலுக்கும் நம்பத்தக்கதல்ல.

பணத்துக்கு வருவோம். வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது கொடுக்கும்போதே இருந்த குறை என்றுதான் 2012இல் நடப்புக்கு வந்த லெமன் சட்டம் (குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் சட்டம்) எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. தேதியையும் வெடிப்பையும் படமெடுத்து, ரசீதோடு சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் இணையம் வழியே பதிந்தேன். 5,000 வெள்ளி வரையிலான பயனீட்டாளர் கோரிக்கைக்குக் கட்டணம் 10 வெள்ளி, வழக்கறிஞர் கிடையாது. 20,000 வெள்ளி வரை இங்கே கேட்கலாம், இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும். நோட்டீஸ் போனதும் "அண்ணே, இதுக்குப் போயி மன்றம் எதுக்குண்ணே" என்று அவரே கூப்பிட்டு 240 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தார். குழாய்க்கு வாங்கிய 30 வெள்ளி மட்டும் வரவில்லை. என் பழைய டயரைக் கேட்டேன், தூக்கிப் போட்டாயிற்றாம். யாருக்கோ ‘புதுசு’ என்று விற்றிருப்பார் என்பது மச்சானின் கணிப்பு.

புது டயர் வாங்கும்போது ரசீதில் பிராண்டு, அளவு, தேதி எண் மூன்றையும் எழுதச் சொன்னேன். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார், ஆனால் எழுதிக் கொடுத்தார். தேதிப் பக்கம் மேலே தெரியும்படிதான் மாட்டச் சொல்லியிருக்கிறேன்.