தோரா சொற்புதிர் அட்டைகள்: எதை வைத்துக்கொள்ளலாம், எதை எடுத்துவிடலாம்

சென்னை வேப்பேரியில் வேதாகமக் கடையொன்றில் 350 ரூபாய்க்குக் கிடைக்கும் இந்தப் பெட்டியில் 54 அட்டைகளும் ஒரு விடைப் புத்தகமும் இருக்கின்றன. யூதர்கள் ஜெப ஆலயத்தில் தோரா எனப்படும் மோசேயின் ஐந்து ஆகமங்களை வாரம் ஒரு பகுதியாக வாசித்து ஒரு வருஷத்தில் முடிப்பார்கள். ஆதியாகமத்தில் 12, யாத்திராகமத்தில் 11, லேவியராகமத்திலும் எண்ணாகமத்திலும் பத்துப் பத்து, உபாகமத்தில் 11 என்று 54 பகுதிகள். பகுதிக்கு ஓர் அட்டை, அட்டைக்கு இரண்டு புதிர். அந்தப் பகுதியின் எபிரெயப் பெயர்தான் அட்டைக்கும் பெயர். ஞாயிறு பள்ளியோ விடுமுறை வேதாகமப் பள்ளியோ (வி.பி.எஸ்.) நடத்துபவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் வாங்கியதும் தமிழிலேயே பிறந்த புதிர்களைத் தனியாகவும், எபிரெயத்திலிருந்து அப்படியே இறக்கியவற்றைத் தனியாகவும் பிரித்து வைத்துவிடுங்கள்.

முதல் கட்டுக்காகவே காசு கொடுக்கலாம். எண்ணாகமத்தின் முதல் பகுதியான ‘பமிட்பார்’ அட்டை இப்படிக் கேட்கிறது: “கூடாரத்தைச் சுற்றிப் பாளயமிறங்கிய கோத்திரம். உயிர் அசையாமல் மெய் மட்டும் இடம் மாறினால், எதற்காக இறங்கினார்கள் என்று தெரியும்.” விடை லேவி. ல்+ஏ, வ்+இ என்று பிரித்து மெய்களை மாற்றினால் வ்+ஏ, ல்+இ. வேலி! எண்ணாகமம் 1:53-இல் மற்ற கோத்திரங்கள்மேல் கோபம் வராதபடி லேவியர் வாசஸ்தலத்தைச் சுற்றி இறங்குகிறார்கள்; வேலியாகவேதான் நிற்கிறார்கள். எழுத்து விளையாட்டும் வசனத்தின் பொருளும் ஒரே இடத்தில் வந்து விழுவதுதான் இந்த வகைப் புதிருக்கு உயிர். பெட்டியிலேயே சிறந்த அட்டை இது.

ஆதியாகமத்தின் முதல் பகுதியான ‘பெரேஷீத்’ அட்டையும் அந்தத் தரம்தான். “எல்லாருக்கும் ஆதாரம். மூன்றாம் எழுத்து போனால் எல்லாருக்கும் தகப்பன்.” ஆதாரத்தில் ‘ர’ போனால் ஆதாம். அடுத்தது இன்னும் நுட்பம்: “தோட்டத்து வழியைக் காத்தது சுடரொளிப் பட்டயம். அதன் மறுபெயரைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு வெளியே போனவள் யார்?” ஏவாள், அவளுக்குள்ளே வாள். ஆதியாகமம் 3:20-இல் ஆதாம் அவளுக்குப் பெயர் வைக்கிறான், 3:24-இல் பட்டயம் வருகிறது. அந்த நான்கு வசன இடைவெளியைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க விடுங்கள். ‘ஏவ மாட்டாள்’ என்ற பொருளிலும் ஒரு குறிப்பு விடைப் புத்தகத்தில் உண்டு. செய்யாள், வாராள் போன்ற பழைய எதிர்மறை வடிவம் தெரிந்தவர்களுக்குத்தான் அது பிடிபடும். சிறுவர் வகுப்பில் வேண்டாம்.

‘பெஷலாக்’ பகுதிக்கு “ராஜாவைக் கூப்பிட்டேன், வானத்திலிருந்து ஆகாரம் விழுந்தது” என்ற புதிர், விடை மன்னா. ‘நோவாக்’ பகுதியில், “ஊரே மூழ்கியும் எட்டுப் பேருக்கு இல்லாதது. இருக்கிறதா என்று கேட்டால் தலைவன் பெயர்.” நோவா? நோவாதான்!

இங்கேதான் பெட்டியின் பெரிய குறை. மன்னாவும் நோவாவும் காதுக்கான சிலேடைகள். வாய்விட்டுக் கேட்டால் உடனே பிடிபடும். ஆனால் அதே ‘நோவாக்’ அட்டையின் மறுபக்கம், “ஏழைக்கு முன்னே புள்ளி வைத்த ப நின்றால் எட்டுப் பேர் பிழைப்பார்கள்” என்று கேட்கிறது. ப்+ஏழை, பேழை. இதை வாயால் கேட்டால் பிள்ளைகள் ‘பஏழை’ என்று சொல்லித் தடுமாறுவார்கள். கரும்பலகையில் உயிரையும் மெய்யையும் பிரித்து எழுதினால்தான் வரும். எது காதுக்கு, எது கண்ணுக்கு என்று அட்டையில் எந்த அடையாளமும் இல்லை. பென்சிலால் நீங்களே மூலையில் ‘கா’, ‘க’ என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, குறில் நெடில் கவனக்குறைவு. ‘வயேட்சே’ அட்டையில் யாக்கோபின் மாமன் லாபானுக்குள் ‘லாபம்’ ஒளிந்திருப்பதாகப் போட்டிருக்கிறார்கள். ப வேறு, பா வேறு. “லாபத்தின் நடு எழுத்துக்குக் கால் கொடுத்து, கடைசி மெய்யை ன் ஆக்கு” என்று திருத்திக் கேட்டால் சரியாக வரும். யாக்கோபிடம் 20 வருஷம் வேலை வாங்கி, சம்பளத்தைப் பத்து முறை மாற்றிய மனிதனுக்கு அருமையாகப் பொருந்தும் புதிர் இது.

இரண்டாம் கட்டு தமிழில் நிற்காது. ‘லேக் லேகா’ அட்டை, “இந்தப் பகுதியின் பெயரைக் கூட்டினால் எந்தப் பிள்ளை பிறந்த வயது?” என்கிறது. எபிரெய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு: லாமேத் 30, காஃப் 20, இரண்டு சொல்லுக்கும் சேர்த்து 100. ஈசாக்கு பிறந்தபோது ஆபிரகாமுக்கு 100 வயது. அழகான கணக்குதான், ஆனால் எழுத்தே தெரியாதவர் எப்படிக் கூட்டுவார்?

‘ஷெமோத்’ அட்டையின் தவறு இதைவிட ஆழமானது. நோவாவின் பேழைக்கும், குழந்தை மோசேயை ஆற்றில் விட்ட நாணற்பெட்டிக்கும் எபிரெயத்தில் ஒரே சொல், தேவா. புதிர் அந்த ஒற்றுமையை நம்பிக் கேட்கிறது. நம் பழைய மொழிபெயர்ப்பிலோ ஒன்று பேழை, மற்றது பெட்டி. போதாக்குறைக்கு உடன்படிக்கைப் பெட்டியும் ‘பெட்டி’ என்றே இருப்பதால் பிள்ளைகள் அதைச் சொல்வார்கள்; எபிரெயத்தில் அது முற்றிலும் வேறு சொல். இத்தனைக்கும் நல்ல புதிர் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது: “தமிழில் கூப்பிட்டால் கடவுள், எபிரெயத்தில் சொன்னால் தண்ணீரில் மிதக்கும்.”

‘வாரம் ஓர் அட்டை’ என்ற குறிப்பை நம்பி யூத நாட்காட்டியோடு சேர்ந்து போக நினைத்தால் சில மாதத்தில் வரிசை பிசகும். பண்டிகை ஓய்வுநாளில் வேறு பகுதி வாசிப்பார்கள். அதை ஈடுகட்டச் சில பகுதிகளை இரண்டிரண்டாகச் சேர்ப்பார்கள். சேரக்கூடிய இணைகள் ஏழு. 13 மாதம் வரும் வருஷத்தில் சேர்க்கை குறையும், 12 மாத வருஷத்தில் கூடும். அந்தந்த வருஷத்துப் பட்டியலைப் பார்த்து, சேர்ந்த வாரத்தில் இரண்டு அட்டையையும் எடுக்க வேண்டும். சுற்று தொடங்குவது செப்டம்பர், அக்டோபர் வாக்கில். ஜூனில் பள்ளி திறக்கும்போது தொடங்கினால் எண்ணாகமத்தின் நடுவில் போய் நிற்பீர்கள். பட்டியல் வேண்டாமென்றால் முதல் அட்டையிலிருந்து வரிசையாகப் போங்கள், எதுவும் கெட்டுப்போகாது.

வகுப்பில் முதலில் பகுதியை வாசித்துவிடுங்கள். பிறகு நாலைந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, புதிரை இரண்டு முறை நிதானமாகச் சொல்லி, இரண்டு நிமிஷம் கொடுங்கள். விடையோடு அதிகார வசனமும் சொன்னால்தான் மதிப்பெண். இல்லாவிட்டால் வேதாகமத்தைத் திறக்காமலே எழுத்தை மாற்றிப் போட்டு விடை பிடித்துவிடுவார்கள்.

அச்சு தெளிவு, எழுத்தும் பெரிது. அட்டை மட்டும் மெல்லிசு. சென்னைப் புழுக்கத்தில் ஓரம் சுருளும். ஜிப் கவரில் போட்டு, மேலே கனமான புத்தகம் ஒன்றை வைத்துவிடுங்கள். லேமினேஷன் செய்வதாக இருந்தால் பென்சில் குறிகளைப் போட்ட பிறகு செய்யுங்கள்.