என் உயரம் 175, எனக்குப் பொருந்திய ஸ்கீ 160

போன குளிர்காலத்தில் நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய 178 சென்டிமீட்டர் ஸ்கீயோடு, அதாவது பனிச்சறுக்குப் பலகையோடு, மலைக்குப் போனேன். ஆம்பிளைக்குத் தலைக்கு மேலே நிற்கிற ஸ்கீதான் சரி என்று அவர் சொன்னதை நம்பினேன். இரண்டாவது திருப்பத்தில் அது திரும்பவே இல்லை. நேரே போய் ஓர வலைக்குள் விழுந்தேன். வலது முழங்கால் மூன்று வாரம் வீங்கிக் கிடந்தது.

இந்த மாசியில் மச்சானோடு சுவிஸின் கிரிண்டெல்வால்ட் போனபோது, ரயில் நிலையத்துக்குக் கிட்ட இருக்கிற வாடகைக் கடையில்தான் விஷயம் புரிந்தது. அங்கே வேலை செய்யும் பெண் உயரத்தோடு நிற்கவில்லை. நிறை என்ன, வயது என்ன, எத்தனை நாள் சறுக்கியிருக்கிறீர்கள், இலகுவான நீலப் பாதையா நடுத்தரமான சிவப்புப் பாதையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். மச்சானுக்கும் எனக்கும் ஒரே உயரம். நான் 64 கிலோ, அவர் 96. எனக்கு 160 வந்தது, அவருக்கு 170.

ஸ்கீ வளைந்தால்தான் திரும்பும். நிறை குறைந்தவர் நீளமான, விறைப்பான ஸ்கீயில் நின்றால் அது வளையாது. நிறை கூடியவர் கட்டையான ஸ்கீயில் வேகமாக இறங்கினால் முனை அதிரும், பிடி விட்டுப்போகும். என் 160 மூக்கு மட்டத்துக்குத்தான் வந்தது. என் முகம் வாடியதை அந்தப் பெண் பார்த்திருப்பார் போல. கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து இறங்கும் உலகக்கிண்ண ஸ்லாலம் போட்டியில் ஆண்களுக்கான குறைந்தபட்ச நீளமே 165தான் என்றார். பக்கத்து வெங்கனில் லௌபர்ஹோர்ன் அதிவேக இறக்கப் பந்தயத்தில் இறங்குகிறவர்களுக்கு 218 வேண்டும், அவர்கள் போவது வேறு வேகம். அதற்குப் பிறகு எனக்கு மனக்குறை இல்லை.

இன்னொன்றையும் காட்டினார். ஸ்கீயின் மேலேயே நீளத்துக்குப் பக்கத்தில் R 13 என்று அச்சிட்டிருக்கும். அது திருப்பத்தின் ஆரம், மீட்டரில். எண் சிறிதாக இருந்தால் குறுகிய திருப்பம் இலகு. முன்முனை மேல்நோக்கி எழும்பிய ரொக்கர் ஸ்கீ என்றால், பனியைத் தொடும் விளிம்பு குறைவு என்பதால் சில சென்டிமீட்டர் நீளமாக எடுக்கலாம். தளர்பனிக்கு என்றாலும் அப்படித்தான்.

நிறையை மட்டும் குறைத்துச் சொல்லாதீர்கள். மச்சான் முதலில் 85 என்றார், நான்தான் திருத்தினேன். நிறை, வயது, சப்பாத்தின் அடிநீளம் எல்லாவற்றையும் வைத்துத்தான் சப்பாத்தை ஸ்கீயோடு பிடித்திருக்கும் பைண்டிங் எந்த அழுத்தத்தில் காலை விடுவிக்க வேண்டும் என்று பார்த்து முறுக்குகிறார்கள். அளவு தளர்வாகிவிட்டால் ஓட்டத்தின் நடுவே கழன்றுவிடும், இறுகிவிட்டால் விழும்போது கழலாது. என் முழங்காலுக்கு அது நன்றாகத் தெரியும்.

குறையும் உண்டு. காலையில் எட்டரைக்குப் போனால் நாற்பது நிமிட வரிசை. சப்பாத்து எடுத்துத் தந்த பையன் அவசரத்தில் எனக்கு ஒரு அளவு பெரிதாகத் தந்துவிட்டான், திரும்பிப் போய் மாற்றினேன். முந்தின நாள் பின்னேரமே போய்விடுங்கள்.

மூன்றாம் நாள் ஆசைப்பட்டு 170 கேட்டேன். மறுக்காமல் தந்தார்கள். மெண்லிகன் மலையின் அகலமான பாதையில் நீளத் திருப்பங்கள் அருமையாக வந்தன. ஒடுங்கின பாதையில் பழையபடி கால் சொல்வழி கேட்கவில்லை. மதியத்துக்குள் 160ஐத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஒரு பிராங்கும் கூடுதலாக எடுக்கவில்லை.