தூரம் சரி, நேரம்தான் இடிக்கிறது: விமானத் தூரக் கால்குலேட்டர்கள்

இரண்டு நகரங்களின் பெயரைத் தட்டினால் வான்வழித் தூரமும் பறக்கும் நேரமும் காட்டும் இணையக் கால்குலேட்டர்கள் நிறைய இருக்கின்றன. தூரம் பார்க்கத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் இவை காட்டும் நேரத்தை நம்பி இணைப்பு விமானத்துக்கு டிக்கெட் போடாதீர்கள்.

பூமியின் வளைவை ஒட்டிய மிகக் குறுகிய பாதையைத்தான் இவை கணக்கிடுகின்றன. பல தளங்கள் பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள சரியான உருண்டையாக வைத்துக்கொள்ளும். உண்மையில் நடுக்கோட்டில் ஆரம் 6,378, துருவத்தில் 6,357. இதனால் வரும் பிழை அதிகம் போனால் அரை சதவீதம்தான். பயணிக்கு அது பொருட்டே இல்லை.

நகரப் பெயர்தான் காலை வாரும். டோக்கியோ என்று போட்டால் ஹனேடா விமான நிலையமா, நரிட்டா விமான நிலையமா? இரண்டுக்கும் இடையே சுமார் 60 கி.மீ. சான் ஹோசே கலிபோர்னியாவிலும் உண்டு, கோஸ்டாரிகாவிலும் உண்டு. விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டைப் போட்டுவிட்டால் இந்தக் குழப்பமே வராது. அலகையும் பாருங்கள். 3,000 சாதாரண மைல் என்பது 4,828 கி.மீ.; 3,000 கடல் மைல் என்பது 5,556 கி.மீ.

இனி நேரம். தூரத்தை மணிக்கு 800 அல்லது 850 கி.மீ. என்று வகுத்து, மேலே ஏறி இறங்க அரை மணி கூட்டுவதுதான் இவற்றின் வழக்கமான சூத்திரம். போகவும் வரவும் ஒரே விடை வரும். லண்டன் – நியூயார்க் சுமார் 5,550 கி.மீ. காற்றில் விமானத்தின் வேகம் மணிக்கு 880 கி.மீ. என்று வைத்து, மேற்கிலிருந்து 100 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால், நியூயார்க் போக 7 மணி 7 நிமிடம், திரும்ப 5 மணி 40 நிமிடம். கிட்டத்தட்ட ஒன்றரை மணி வித்தியாசம்! உயரத்தில் மேற்கிலிருந்து வேகமாக வீசும் அந்தக் காற்றுக்கு ஜெட் காற்றோட்டம் என்று பெயர்; குளிர்காலத்தில் அது இன்னும் வலுக்கும். 2020 பிப்ரவரியில் புயல்காற்றின் தயவில் ஒரு போயிங் 747 விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஐந்து மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தது.

மூடிய வான்வெளியும் இந்தச் சூத்திரத்துக்குத் தெரியாது. 2022இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்ட பின், ஹெல்சிங்கி – டோக்கியோ பயணம் ஒன்பதரை மணியளவிலிருந்து சுமார் 13 மணியாக நீண்டது. கால்குலேட்டரைக் கேட்டால் இன்றும் பழைய நேர்பாதைக்குத்தான் கணக்குச் சொல்லும்.

இன்னொன்று: டிக்கெட்டில் இருப்பது கேட்டிலிருந்து கேட் வரையான நேரம். ரன்வேக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது எல்லாம் அதில் அடக்கம். பெரிய விமான நிலையங்களில் இதற்கே 20, 30 நிமிடம் போய்விடும்.

சரியான நேரம் வேண்டுமென்றால் பிளைட்ரேடார்24, பிளைட்அவேர் போன்ற தளங்களில் அதே விமான எண்ணின் கடந்த ஒரு வாரப் பயணங்களைப் பாருங்கள். அதில் மிக நீண்டதை எடுத்துக்கொண்டு இணைப்பு விமானத்தை முடிவு செய்யுங்கள். டிக்கெட்டின் உள்ளூர் நேரங்களைக் கழித்துப் பார்ப்பவர்கள் இரண்டையும் முதலில் உலகப் பொது நேரத்துக்கு (UTC) மாற்ற வேண்டும். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வழக்கமாக 5 மணி வித்தியாசம். மார்ச்சில் இரண்டு மூன்று வாரமும், அக்டோபர் கடைசியில் தொடங்கும் ஒரு வாரமும் 4 மணிதான்.