பழைய மாடல் பந்தயக் கார்: பெட்ரோலா, மெத்தனாலா?

1940, 50களின் எஞ்சின் வைத்த மாடல் பந்தயக் கார் ஒன்று வேண்டும் என்று கிளம்பினால் இரண்டு வகையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். டூலிங், மெக்காய் போன்ற பெயர்களில் வந்த 10 சிசி எஞ்சின் பூட்டிய, பெட்ரோலை மின்பொறியால் பற்றவைத்து ஓடும் பெரிய ஸ்பார்க் கார்கள் ஒரு பக்கம். காக்ஸ் நிறுவனத்தின் 0.8 சிசி எஞ்சின் வைத்த, மெத்தனாலைத் தணலாய் ஒளிரும் சுருளால் பற்றவைத்து ஓடும் குட்டி க்ளோ கார்கள் மறுபக்கம். இரண்டும் நடுக்கம்பத்தில் கம்பியால் கட்டி வட்டமாக ஓட்டுபவைதான். இரண்டையும் வைத்திருந்தேன், இப்போது என்னிடம் இருப்பது ஸ்பார்க் கார் மட்டும்.

குட்டி க்ளோ கார் விலை குறைவு, இடமும் அடைக்காது. கிளப்புவதும் சுலபம். ஒன்றரை வோல்ட் பேட்டரியை ப்ளக்கில் கொஞ்ச நேரம் கொடுத்தால் போதும். பேட்டரியை எடுத்த பிறகும் மெத்தனாலும் பிளாட்டினச் சுருளும் சேர்ந்து அந்தத் தணலை அணையவிடாது.

ஆனால் ஓட்டி முடித்த பிறகுதான் வேலையே. மெத்தனால் ஈரத்தை இழுக்கும். துடைக்காமல் விட்டால் எஃகுப் பாகங்களில் துரு ஏறும். அதில் கலக்கும் விளக்கெண்ணெய் காய்ந்து பசையாக இறுகிவிடும். சில மாதம் அலமாரியில் இருந்த என் குட்டிக் காரை எடுத்தபோது பிஸ்டன் அசையவே இல்லை. பலவந்தமாகச் சுற்றியிருந்தால் உள்ளே ஏதாவது உடைந்திருக்கும். ஹேர் டிரையரால் சூடு காட்டி, எண்ணெய் இளகும்வரை பொறுத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் இதே கதைதான்.

ஸ்பார்க் எஞ்சினுக்கு மூன்று பங்கு பெட்ரோல், ஒரு பங்கு கெட்டியான மினரல் ஆயில். நிறுத்திய பிறகும் உள்ளே எண்ணெய்ப் படலம் தங்கி இரும்பைக் காக்கும். பொறியை உண்டாக்கும் காயில், கன்டென்சர், மின்சாரத்தைச் சரியான நேரத்தில் துண்டிக்கும் பாயின்ட், பேட்டரி என்று சுமக்க வேண்டியது அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் கோளாறு எங்கே என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். பாயின்டுக்கு நடுவே வெள்ளைத் தாளை விட்டு இழுத்தால் கறுப்புக் கோடு விழும். கோடு விழுவது நிற்கும்வரை இழுத்தால், பெரும்பாலும் அடுத்த சுற்றிலேயே நல்ல நீலப் பொறி வந்துவிடும். க்ளோ ப்ளக்கின் சுருள் அறுந்துபோனால் புதிது போடுவதைத் தவிர வழியில்லை. காக்ஸில் சிலிண்டர் தலையோடு சேர்த்தே மாற்ற வேண்டும்.

வேகப் போட்டியில் நான் இறங்கியதில்லை. அங்கே க்ளோ பக்கமே நியாயம் இருக்கலாம்.

வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். 1947-இல் ரே ஆர்டன் என்பவர் உருவாக்கிய க்ளோ ப்ளக் கடைக்கு வந்ததும், பலர் ஸ்பார்க் எஞ்சினிலிருந்து பாயின்டையும் காயிலையும் கழற்றிப் போட்டுவிட்டார்கள். பாயின்ட் அமைப்பு இல்லாத எஞ்சினுக்கு முழு விலை கொடுக்காதீர்கள். அந்தப் பழைய பாகம் தனியாகக் கிடைப்பது அரிது.