அடுப்பில் கிண்டிய மாவா, உப்பு மாவா, களிமண்ணா, காகிதக் கூழா?

குழந்தைகள் பிசைந்து, உருட்டி, உருவம் பிடித்து விளையாட வீட்டிலேயே தயாரிக்கக்கூடியவை நான்கு உண்டு. மைதாவை அடுப்பில் கிண்டிச் செய்வது, அடுப்பே இல்லாமல் மைதாவையும் உப்பையும் பிசைந்து காயவைப்பது, குயவரிடம் வாங்கும் களிமண், பழைய தாள்களை ஊறவைத்து அரைக்கும் கூழ். செய்முறைகள் எங்கும் கிடைக்கின்றன. எதற்கு எது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. கிண்டிய மாவில் பிள்ளையார் செய்து அலமாரியில் வைத்தால் ரெண்டே நாளில் வெடிப்பு விடும். உப்பு மாவை டப்பாவில் போட்டு அடுத்த வாரத்துக்கு எடுத்து வைத்தால் கொழகொழவென்று நீர் விட்டு நிற்கும். குறை மாவில் இல்லை. நாளைக்கும் அதைப் பிசைய வேண்டுமா, இன்று செய்த உருவத்தைப் பத்திரப்படுத்த வேண்டுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளாததுதான் குறை.

தினப்படி விளையாட்டுக்கு: கிண்டிய மாவு

ரெண்டரை வயதுக்கு மேல் அன்றாடம் விளையாட இதை மிஞ்ச எதுவும் இல்லை. காப்பி குடிக்கும் 200 மில்லி டம்ளரை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். மைதா 1 டம்ளர், தூள் உப்பு அரை டம்ளர், தண்ணீர் 1 டம்ளர், எண்ணெய் 1 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி. வெளிநாட்டுக் குறிப்புகளில் எல்லாம் ‘கிரீம் ஆஃப் டார்டர்’ என்று போட்டிருப்பார்கள். அதைத் தேடி அலைய வேண்டாம். மாவு வழுவழுப்பாக வரவும் சீக்கிரம் கெடாமல் இருக்கவும் தேவைப்படுவது கொஞ்சம் புளிப்புதான். அந்த வேலையை எலுமிச்சை செய்துவிடும்.

அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே எல்லாவற்றையும் கரைத்துவிட வேண்டும். முதலில் தண்ணீரில் உப்பு, சாறு, நிறம். உப்பை முடிந்தவரை கரைத்த பிறகு மைதாவில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, தோசை மாவு பதத்துக்குக் கட்டியில்லாமல் கரைத்து எண்ணெய் விடுங்கள். அடிகனமான வாணலி, மிதமான தீ. முதல் ரெண்டு நிமிடம் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். பிறகு திடீரென்று அடியில் திரள ஆரம்பித்து, அடுத்த ஒரு நிமிடத்துக்குள் கரண்டியைச் சுற்றிக்கொண்டு உருண்டையாக வந்துவிடும். கொழுக்கட்டை மேல்மாவு கிண்டத் தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. நெருப்பை எப்போது நிறுத்துவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். உருண்டையைக் கரண்டியால் பிளந்து பாருங்கள். நடுவில் ஈரப் பளபளப்பு தெரிந்தால் இன்னும் வேகவில்லை. நனைத்த விரலால் தொட்டால் ஒட்டாமல் மங்கலாக இருக்க வேண்டும். தட்டில் கொட்டி, கை பொறுக்கும் சூட்டிலேயே 3 நிமிடம் அழுத்திப் பிசைந்தால்தான் வழுவழுப்பு வரும்.

கையில் ஒட்டினால் உடனே மைதாவைத் தூவிப் பிசையத் தோன்றும். அது கூடாது. பச்சை மாவு உள்ளே போனால் சீக்கிரம் புளித்து நாறும். திரும்ப வாணலியில் போட்டு இன்னொரு நிமிடம் கிண்டினால் போதும். அதிகம் வெந்து உதிர்ந்தால் கையில் எண்ணெயும் ரெண்டு சொட்டு வெந்நீரும் தொட்டுப் பிசையுங்கள். கல் உப்பைப் போட்டால் கரையாத பரல்கள் விரலை நெருடும். எல்லாவற்றையும் விட அதிகம் நடக்கும் தவறு, சூடு ஆறும் முன் டப்பாவில் அடைப்பது. மூடியில் வேர்த்த நீர் சொட்டி, மேல்பக்கம் பிசுபிசுத்து, சில நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். முழுக்க ஆறவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் ஒரு மாதம் தாராளமாக வரும். வாசனை மாறினாலோ புள்ளி தெரிந்தாலோ யோசிக்காமல் குப்பையில் போடுங்கள்.

நிறத்துக்கு ஃபுட் கலர் நாலைந்து சொட்டு போதும். மஞ்சள்தூளும் அழகாகப் பிடிக்கும், ஆனால் சட்டையில் பட்ட மஞ்சளில் துணி சோப்பைத் தேய்த்ததும் சிவப்பாகும். பயப்பட வேண்டாம், சோப்பின் காரம் மஞ்சளை அப்படி மாற்றுகிறது. பீட்ரூட் சாறு முதல் நாள் கண்ணைப் பறிக்கும். போகப் போகப் பழுப்படித்துவிடும்.

கடையில் விற்கும் ப்ளே-டோவும் பெரும்பாலும் மாவு, உப்பு, தண்ணீர்தான். 1956-இல் விளையாட்டுப் பொருளாக வருவதற்கு முன், அமெரிக்காவின் சின்சினாட்டியில் அது சுவர்த்தாளில் படிந்த கரியைத் துடைத்தெடுக்கும் பொருளாக விற்பனையானது. வீட்டில் கிண்டியது அதைவிட மட்டம் என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை. கோதுமை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு ரெண்டுமே ஆகாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

உப்பு மாவு: உலர்ந்த ஊருக்கு மட்டும்

மைதா 2 பங்கு, தூள் உப்பு 1 பங்கு, தண்ணீர் முக்கால் முதல் 1 பங்கு. சப்பாத்தி மாவை விடக் கொஞ்சம் கெட்டியாகப் பத்து நிமிடம் பிசைய வேண்டும். அடுப்பு இல்லை, காத்திருப்பு இல்லை. கை அச்சு பதிப்பது, நட்சத்திரம் வெட்டிக் கயிறு கட்டித் தொங்கவிடுவது போன்ற வேலைகளுக்கு இது பொருத்தம். தடிமன் 6 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. கயிற்றுக்கான ஓட்டையை ஈரமாக இருக்கும்போதே ஸ்ட்ராவால் குத்திவிடுங்கள். ஓவன் இருந்தால் 100 டிகிரியில் ரெண்டு மூன்று மணி நேரம், இடையில் ஒரு முறை திருப்பிப் போட வேண்டும். சூடு கூடினால் மேல்தோல் முதலில் இறுகி உள்ளிருக்கும் ஆவி அதைத் தூக்கிவிடும், தட்டையாக வைத்தது உப்பிப்போய் வரும். வெயிலில் என்றால் ரெண்டு மூன்று நாள்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இதைப் பரிந்துரைக்க மனம் வருவதில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே காற்றிலிருந்து நீரை இழுக்கத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் அந்த அளவைத் தாண்டாத நாளே அபூர்வம். சுவரில் மாட்டிய கை அச்சு மெல்ல வேர்த்து, பெயிண்ட் உரிந்து, ஒரு நாள் கயிற்றோடு பிய்ந்து விழும். முன்பக்கம், பின்பக்கம், ஓரம் என எல்லாப் பக்கமும் ரெண்டு கோட்டு வார்னிஷ் அடித்தால் ஓரளவு தாங்கும். பெரும்பாலானோர் முன்பக்கம் மட்டும் அடித்துவிட்டுப் பின்பக்கத்தை விட்டுவிடுகிறார்கள், ஈரம் அந்த வழியாகவே புகுந்துவிடும். கோவை, சேலம் பக்கம் கோடையில் செய்து பார்க்கலாம்.

இன்னொன்று, இது வேகாத மாவு. பச்சை மாவில் கிருமிகள் இருக்கலாம் என்பதால் பிள்ளைகள் அதை வாயில் வைக்கவே விடக்கூடாது. விளையாடி முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். விரலில் கீறல் இருந்தால் எரிச்சலில் பிள்ளை துள்ளிவிடும், முதலில் கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாயில் போட்டுக்கொண்டால்?

ரெண்டு மாவிலும் உண்மையான ஆபத்து உப்பு. கிண்டிய மாவில் எடைக்குக் கால் பங்குக்கும் மேல் உப்பு இருக்கிறது. சின்ன எலுமிச்சை அளவில், 30 கிராம் உருண்டையில் சுமார் 8 கிராம். பெரியவர்களே நாள் ஒன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு சேர்க்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கரிப்புத் தாங்காமல் பெரும்பாலான பிள்ளைகள் துப்பிவிடுவார்கள். நுனி நாக்கில் பட்டதற்குப் பதற வேண்டியதில்லை. உருண்டையாக விழுங்கிவிட்டால் தண்ணீர் கொடுத்துவிட்டு மருத்துவரிடம் கேளுங்கள், வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம். வீட்டில் நாய் இருந்தால் உப்பு மாவைக் காயவைக்கும் இடத்தில் கூடுதல் கவனம் வேண்டும். நாய்க்கு அது உயிருக்கே ஆபத்தாகும்.

எதைக் கண்டாலும் வாயில் வைக்கும் ஒன்றரை வயதுக்கு இந்த நான்கில் எதுவுமே வேண்டாம். கொழுக்கட்டைக்குக் கிண்டும் அரிசி மாவையே துளி உப்போடு எண்ணெய் தொட்டுப் பிசைந்து கொடுத்துவிடலாம். கோதுமை ஒவ்வாமைக்கும் இதுதான் வழி. அரிசியில் மைதாவைப் போல இழுவை கிடையாது, அதனால் பாம்பு உருட்டினால் பாதியில் அறுந்துவிடும். சாயங்காலத்துக்குள் காய்ந்து வெடிக்கும். அன்றன்றைக்குக் கிண்டி அன்றே தூக்கிப் போடுவதுதான் முறை. பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள், பெரிய உருண்டையாக வாயில் அடைத்தால் எந்த மாவானாலும் தொண்டையில் சிக்கும்.

களிமண்

நாலு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு ஒன்றே ஒன்றுதான் வாங்குவீர்கள் என்றால் களிமண் வாங்குங்கள். மாவு அழுத்தின இடத்தில் மெல்லத் தளரும். களிமண் அழுத்தினபடியே நிற்கும். யானைக்குத் தும்பிக்கை நிற்க வேண்டுமானால் அடியில் தடிமன் வேண்டும் என்பதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம், சரிந்து விழும்போது பிள்ளையே கண்டுபிடித்துக்கொள்ளும்.

தெருவோர மண்ணைத் தோண்டாதீர்கள். கண்ணாடிச் சில்லும் நாய், பூனைக் கழிவும் கலந்திருக்கும். குயவரிடம் மிதித்துப் பதப்படுத்திய மண்ணாகக் கேட்டு வாங்குங்கள். விநாயகர் சதுர்த்திக்கு முன் நகரங்களிலும் கிடைக்கும். 2 கிலோ இருந்தால் ரெண்டு பிள்ளைகளுக்குப் போதும். பதம் பார்க்க எளிய வழி உண்டு. விரல் தடிமனில் கயிறு திரித்து ஆள்காட்டி விரலில் சுற்றுங்கள். வெடிக்காமல் சுற்றினால் சரி. வெடித்தால் தண்ணீர் தெளித்துப் பிசையுங்கள். அதற்கும் வெடித்தால் மணல் அதிகம் என்று அர்த்தம்.

ஒட்டவைத்த கை, கால், காது எல்லாம் காய்ந்ததும் கழன்று விழுவதுதான் பொதுவான புகார். வெறுமனே அழுத்தி ஒட்டினால் அப்படித்தான் ஆகும். ரெண்டு பக்கத்திலும் முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, அதே மண்ணைக் கரைத்த குழம்பைத் தடவி, ஒட்டிய பின் சந்தில் விரலால் இழுத்து மழுப்ப வேண்டும். உடம்பு 1 சென்டிமீட்டரை விடத் தடியாக இருந்தால் அடியில் குடைந்து உள்ளே காலியாக்குங்கள். காயவைப்பது நிழலில்தான், மூன்று முதல் ஐந்து நாள். வெயிலில் வைத்தால் மேல்பக்கம் முதலில் சுருங்கும், உள்பக்கம் ஈரத்தோடு சுருங்காமல் நிற்கும், நடுவே விரிசல் ஓடும்.

சுடாத மண் தண்ணீர் பட்டால் கரையும். இதைக் குறை என்பவர்கள் உண்டு. பிடிக்காத உருவத்தை ஒரு ராத்திரி வாளியில் ஊறப்போட்டால் மறுநாள் புது மண், இந்த வசதி வேறு எதிலும் கிடையாது. சூளையில் சுட வேண்டுமானால் குயவரிடமே கொடுங்கள். கேஸ் அடுப்பில் வாட்ட வேண்டாம், உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகி வெடித்துச் சில்லு தெறிக்கும். மீந்த மண்ணை ஈரத் துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும்.

ரெண்டு மூன்று வயதுக்குக் களிமண் கொஞ்சம் கடினம், கை வலித்து விட்டுவிடுவார்கள். மாடிக் குடியிருப்பில் பழைய கோணியோ ஃப்ளெக்ஸ் பேனரோ விரிக்காமல் ஆரம்பிக்கவே வேண்டாம்.

காகிதக் கூழ்

பாட்டிமார் முறத்துக்கு மெழுகவும் கூடை செய்யவும் வெந்தயம் சேர்த்து அரைத்த அதே கூழ்தான். தாளைத் தபால்தலை அளவுக்குக் கிழித்து ஒரு ராத்திரி ஊறவைத்து, மிக்ஸியில் நிறையத் தண்ணீரோடு விட்டு விட்டு அரைக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் மோட்டார் சூடாகிக் கருகல் வாடை வரும். துணியில் பிழிந்து, ஊறவைத்து அரைத்த வெந்தயத்தையோ மைதாப் பசையையோ சேர்த்துப் பிசைந்தால் கூழ் தயார். எண்ணெய் தடவிய கிண்ணத்தின் வெளிப்பக்கம் அரை சென்டிமீட்டர் கனத்துக்கு அப்பி, சித்திரை வெயிலில் மூன்று நாள் காயவைத்தால் கிண்ணம் கழன்று வரும். மழைக்காலத்தில் காயும் முன்பே பூஞ்சணம் முந்திக்கொள்ளும்.

பிள்ளைக்கு இதில் கிடைப்பது தாள் கிழிப்பது, பிழிவது, கடைசியில் பெயிண்ட் அடிப்பது மட்டும். நடுவில் உள்ள வேலை முழுக்க அம்மா அப்பா தலையில்தான். கூழில் மூக்கு, கண் போன்ற நுணுக்கமும் வராது. ஆனால் காய்ந்த பின் கைதவறி விழுந்தாலும் உடையாமல் ஆண்டுக்கணக்கில் நிற்பது இந்த நான்கில் இது ஒன்றுதான். கொலுவுக்குத் தேரோ மலையோ வேண்டுமென்றால் இதையே எடுங்கள். செய்தித்தாளின் அச்சுமை உணவில் படக்கூடாது என்பதால் அந்தக் கிண்ணத்தில் முறுக்கு, பழம் வைக்க வேண்டாம். கையை வாயில் வைக்கும் வயதென்றால் எழுதாத நோட்டுத் தாளில் செய்யுங்கள்.

பிறந்தநாளுக்குப் பத்துப் பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் ஒவ்வொரு அளவாகக் கிண்டி, நாலு நிறம் செய்து, பிள்ளைக்கு ஓர் எலுமிச்சை அளவு கொடுத்தால் போதும். ஒரே தடவையில் நாலு மடங்கு கிண்டினால் அடி பிடித்து நடு வேகாது. நிறங்கள் கலந்து சாணிப் பச்சையாவதைத் தடுக்க வழியில்லை, தடுக்கவும் வேண்டாம்.

கடைசியாகக் கழுவும் இடம். களிமண் கையையோ கூழ்ப் பாத்திரத்தையோ சமையலறை சிங்கில் கழுவினால் வளைவுக் குழாயில் படிந்து இறுகி பிளம்பரைக் கூப்பிட வேண்டி வரும். வாளியில் கழுவி, தெளியவிட்டு, களிமண் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள். உப்பு கலந்த தண்ணீர் மட்டும் செடிக்கு ஆகாது. தரையில் ஒட்டிய கிண்டிய மாவை ஈரத்துணியால் தேய்த்தால் இன்னும் பரவும். காயவிட்டுச் சுரண்டி, துடைப்பத்தால் பெருக்கிவிடுவதே சுலபம்.